பிடி அரிசி: சுங்கை சிப்புட்டில் ஆறு நாள்

முதல் நாள் - செவ்வாய், மார்ச் 4, 2025

கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயில் ஏறும்போது கையில் ஒரு நாசி லெமாக் பொட்டலம் இருந்தது. ஈப்போ வரைக்கும் அதைப் பிரிக்கவே இல்லை. பக்கத்து இருக்கையில் ஒரு மலாய் இளைஞர் சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தார். ரமலான் தொடங்கி இன்று மூன்றாவது நாள். சாப்பிடாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சம்பல் மணம் பெட்டி முழுக்கப் பரவுவதை நினைத்தபோது பொட்டலம் மடியிலேயே இருப்பது நல்லது என்று தோன்றியது. நாளைக்கு எனக்கும் நோன்பு. ஒரு நாள் முன்கூட்டியே ஒத்திகை பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இஸ்லாமிய மாதங்கள் நிலவைப் பின்பற்றுவதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து வருகிறது. இந்த ஆண்டு அது மார்ச் 2 அன்று தொடங்கியது. கத்தோலிக்கர்களான எங்களுக்கு, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்தைத் தொடங்கிவைக்கும் திருநீற்றுப் புதன் மார்ச் 5. இரண்டு நோன்பும் ஒரே வாரத்தில் பிறந்திருக்கின்றன. இதைச் சாக்காக வைத்துத்தான் கிள்ளானிலிருந்து கிளம்பினேன். அத்தைக்கு 88 வயது. 'தபசு காலம் தொடங்கும்போது ஒரு தடவை வந்து என்னோடு இரு' என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பத்து வருடமும் எனக்குக் கணக்கு முடிக்கும் வேலை இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் மருத்துவர் எடை பார்க்கும் கருவியின் மேல் என்னை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அலுவலகத்தில் ஒருவர் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு எட்டு மணி நேரம் சாப்பிடும் முறையில் பாதியாகிவிட்டார். நாற்பது நாள் நோன்பு இருந்தால் ஆன்மாவோடு இடுப்புக்கும் ஒரு வழி பிறக்கும் என்ற கணக்கு என் மனத்தில் இருந்தது. அதனால் கடவுளுக்கு ஒன்றும் நட்டமில்லை என்றும் சமாதானம் செய்துகொண்டேன்.

ஈப்போ தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டு பக்கமும் செங்குத்தாக எழும்பின. அடுத்த நிறுத்தம் சுங்கை சிப்புட். மலாயில் சிப்புட் என்றால் நத்தை. பெயருக்கு ஏற்ற நகரம்தான்: பழைய ஈப்போ - கோலகங்சார் சாலையை ஒட்டி இரண்டு வரிசைக் கடைகள், சுற்றிலும் தோட்டங்கள், தோட்டங்களை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்கள் என்ற வீட்டுமனைக் குடியிருப்புகள். மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1950களின் கடைசியில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்களே தோட்டம் வாங்குவதற்காக அவர்களிடம் பத்து பத்து வெள்ளிப் பணமாகச் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர். அந்தப் பத்து வெள்ளிக்காக எங்கள் பாட்டி கோழி விற்றாராம்.

அத்தை வாசலில் நின்றார். உள்ளே ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. "நாளைக்கு விபூதிப் புதன். இன்றைக்கே சாப்பிட்டுவிடு, ஐயா" என்றார். பூசைப் புத்தகத்தில் திருநீற்றுப் புதன் என்று மாற்றி எத்தனையோ வருடமாகிறது. அத்தை இன்னும் பழைய பெயரை விடவில்லை. சாப்பிட்டேன். மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் - புதன், மார்ச் 5

காலைப் பூசைக்கு அத்தை மகனின் காரில் போனோம். சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பல். குருவானவர் நெற்றியில் சிலுவை வரைந்து, மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டினார். மத்தேயு 6ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது: நோன்பிருக்கும்போது முகவாட்டமாய் இருக்காதீர்கள், தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள், உங்கள் நோன்பு மனிதருக்குத் தெரிய வேண்டாம். இதைக் கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஊருக்கே தெரியும்படி நெற்றியில் கரியைப் பூசிக்கொண்டு வெளியே வருகிறோம். இந்த முரணுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு சாமியார் ஒவ்வொரு விளக்கம் தருகிறார். எனக்கு எதுவும் போதவில்லை. முரணாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சட்டம் எளிது. திருச்சபைச் சட்டப்படி இப்போது நோன்பு நாள்கள் இரண்டுதான்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அந்த இரண்டு நாளும் ஒரு முழுச் சாப்பாடு. தேவைப்பட்டால் இன்னும் இரண்டு வேளை கொஞ்சமாகச் சாப்பிடலாம், இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு நிகராகக் கூடாது. 18 வயது நிறைந்தவர்முதல் 59 வயது நிறையும்வரை இந்தக் கடமை. இறைச்சி விலக்குக்கு வேறு கணக்கு: 14 வயது நிறைந்தால் தொடங்குகிறது, முடிவு கிடையாது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தளர்த்தியதும் 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் சேர்ந்த நிலை இது. பழைய தமிழில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஒரு வேளை மட்டும் உண்பது ஒருசந்தி. இறைச்சி விலக்குவது சுத்தபோசனம். "எனக்கு ஒருசந்தி முடிந்து முப்பது வருடமாகிறது. சுத்தபோசனம் பெட்டிக்குள் போகும்வரை" என்றார் அத்தை. எனக்கு 57. சட்டப்படி இன்னும் இரண்டு வருடம்கூட இல்லை.

சட்டம் இவ்வளவு இளக்கமாக இருக்கும்போது நான் ஏன் வீரம் காட்டினேன் என்று தெரியவில்லை. காலையில் ஒன்றும் வேண்டாம், காப்பியும் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்றேன். பத்து மணிக்கு நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் போய் நின்றேன். 1954இல் சம்பந்தன் தொடங்கிய தமிழ்ப்பள்ளி. உண்ணாவிரதத்தை உலகம் முழுக்க அறியச் செய்தவரின் பெயரைச் சுமந்த பள்ளி வாசலில், அவர் கடைசியாக 1948 சனவரியில் டில்லியில் ஐந்து நாள் இருந்ததை நினைத்துக்கொண்டு, ஐந்து மணி நேரம் தாங்காமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பசி என்று சொல்ல முடியாது. காப்பி இல்லாத வலி. இடது பொட்டில் யாரோ ஆணி அடிப்பதுபோல.

தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்குப் போனால் கல்லாவில் இருந்த மலாய்ப் பையன் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "பாக்சிக்குக்கும் புவாசாவா?", மாமாவுக்கும் நோன்பா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குள்ளும் ஏதோ மலர்ந்தது, ஏனென்றால் புவாசா என்பது வடமொழி உபவாசத்திலிருந்து மலாய்க்குப் போன சொல். இஸ்லாம் இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே கப்பல் ஏறி வந்த சொல்லாக இருக்க வேண்டும். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் உபவாச ஜெபம் என்கிறார்கள், பையன் புவாசா என்கிறான், ஒரே சொல்லைத்தான் இருவரும் நோற்கிறார்கள். உபவாசம் என்றால் அருகில் குடியிருத்தல் என்று பொருள். சாப்பாட்டைப் பற்றி அந்தச் சொல்லுக்குள் ஒரு பேச்சும் கிடையாது.

மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். அத்தை என்னைப் பார்த்தார். "என்ன முகம் இது? காலையில் சுவிசேஷம் வாசித்தபோது தூங்கினாயா?" என்றார். பதில் சொல்லத் தெம்பில்லை. ஒரு குவளை வெறும் தேத்தண்ணீரும் இரண்டு ரொட்டியும் என் முன்னால் வைத்தார். சட்டம் அனுமதிக்கும் சிறு வேளை. சாப்பிட்டேன். ஆணி மெதுவாகக் கழன்றது.

மாலையில் ஒரு வேடிக்கை. பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக், வேலிக்கு மேலே ஒரு பாத்திரத்தை நீட்டினார். மசூதியில் கொடுத்த புபுர் லம்புக். ரமலான் மாதத்துக் கஞ்சி, மூலிகை மணத்தோடு, உள்ளே பொடியாக நறுக்கிய மாட்டிறைச்சி. எங்களுக்கோ ஆண்டிலேயே கண்டிப்பான சுத்தபோசன நாள். அத்தை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, உள்ளே கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்தார். "நாளைக்குச் சாப்பிடலாம். கொடுத்த கையை ஏன் நோகடிக்க வேண்டும்?" பிறகு அந்தப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, பழுத்த ஒரு சீப்பு வாழைப்பழத்தை உள்ளே வைத்து வேலிக்கு மேலே திருப்பிக் கொடுத்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம், அவர்கள் பக்கத்துச் சட்டமும் அதுதான்.

மூன்றாம் நாள் - வியாழன், மார்ச் 6

புபுர் லம்புக் காலைச் சிற்றுண்டி ஆனது. மிளகுக் காரம் தொண்டையில் நின்றது.

அத்தை மகனின் மகன் மதியம் வந்தான். 24 வயது. கடைவீட்டு மாடியில் நடக்கும் ஒரு சபைக்குப் போகிறான், அதனால் வீட்டில் லேசான மனத்தாங்கல். சனவரியில் 21 நாள் உபவாசம் இருந்தானாம். "எதற்காக?" என்றேன். "வேலைக்காக, மாமா" என்றான். கிடைத்ததா என்று கேட்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். தமிழில் உண்ணாவிரதம் என்ற சொல்லை நாம் அரசாங்கத்துக்கு எதிராகப் பயன்படுத்துகிறோம். கேட்டதைக் கொடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று பந்தலில் படுப்பது. சில வேளை நாம் கடவுளுக்கு எதிராகவும் அதே பந்தலைப் போட்டுவிடுகிறோம். தாவீது ராஜா அதைத்தான் செய்தார். பிள்ளை சாகக் கிடந்தபோது ஏழு நாள் தரையில் படுத்து உண்ணாமல் கிடந்தார். பிள்ளை இறந்துவிட்டது. சொன்னால் என்ன செய்துகொள்வாரோ என்று வேலைக்காரர்கள் பயந்து நின்றார்கள். அவரோ எழுந்து குளித்து, எண்ணெய் பூசி, ஆலயத்துக்குப் போய் வணங்கிவிட்டு, சாப்பாடு கொண்டுவரச் சொன்னார். எனக்கு அந்த நோன்பைவிட அந்தச் சாப்பாடு பெரிதாகத் தெரிகிறது. பையனிடம் இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தாவீது கேட்டதே தப்பு என்று சாமுவேல் புத்தகம் சொல்லவில்லையே, மாமா" என்றான். சரிதான். அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை.

இரவு மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போனது. அஞ்சடியில், அதாவது முன் தாழ்வாரத்தில், மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு அத்தை பேசினார். நான் கேட்டது பழைய காலத்து ஒருசந்தியைப் பற்றி. அவர் சொன்னது வேறு.

"நற்கருணை நன்மை வாங்க வேண்டும் என்றால் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடாது. சாமியார் வெள்ளைக்காரர், பிரெஞ்சுக்காரர். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். நாலு தோட்டத்தில் பூசை வைத்துவிட்டு எங்கள் தோட்டத்துக்கு வர பதினோரு மணி ஆகிவிடும். அதுவரைக்கும் எச்சிலைக்கூட விழுங்கலாமா என்று சந்தேகம்." 1953இல் தண்ணீர் குடிக்கலாம் என்று ஆனது, 1957இல் மூன்று மணி நேரம் போதும் என்று குறைந்தது, 1964இல் ஒரு மணி நேரம். "இப்போது தோசை தின்றுவிட்டுக் கார் ஏறினால், பிரசங்கம் நீளமாக இருந்தால் கணக்குச் சரியாகிவிடுகிறது" என்று சிரித்தார்.

தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், ஒரு மலையாளிக் கிறித்தவர். அவர் வீட்டில் தபசு காலம் ஐம்பது நாள், அத்தனை நாளும் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. நினிவே மக்கள் நோன்பிருந்ததை நினைத்து மூன்று நாள் நோன்பும் தனியாக உண்டு. தோட்டத்தில் இந்துக்களுக்கு வெள்ளிக்கிழமை சைவம். எங்களுக்கும் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். அதனால் வெள்ளியன்று கறிக்காரன் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கமே வர மாட்டான். ஒரே ஒரு சண்டை மட்டும் வருமாம்: எங்கள் வீட்டில் மீன் பொரிக்கும் மணம். "மீன் எந்த ஊரில் சைவம்?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்பாராம். அத்தையின் அம்மாவுக்குப் பதில் தெரியாது. "சாமியார் சொன்னார்" என்று மட்டும் சொல்வாராம்.

பிறகு அத்தை கொஞ்சம் நிறுத்தினார். மழை ஓட்டில் இறைந்துகொண்டிருந்தது.

"நீ பசியைப் பற்றிக் கேட்கிறாய். பசி எனக்கு நோன்பில் தெரிந்தது இல்லை, ஐயா. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு. காலையில் அது, ராத்திரியில் அது, நடுவில் ஒன்றும் இல்லை. எனக்கு ஏழு வயது. தம்பி ஒருவன் அதிலேயே போய்விட்டான். பெரியப்பாவைச் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அது முடிந்து அரிசி வந்தது. அப்புறம் இங்கே துரைமாரைச் சுட்டார்கள்."

1948 சூன் 16. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். அதிலிருந்துதான் அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகக் கூடாது என்பது அரசாங்கத்தின் போர்முறையாக ஆனது. அரிசிக்குப் பங்கீடு. வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகத் தடை. அத்தை அப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகத் தொடங்கிவிட்டார்.

"விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, முள்கம்பி வேலிக் கதவுக்கு வருவோம். ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். பால்வாளிக்குள் கை விட்டுப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு முந்தானையில் இருந்தால் வழக்கு. வெறும் வயிற்றோடு போய் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு வந்தால்தான் சாப்பாடு. ஒருநாள் நிரையிலேயே மயங்கி விழுந்தேன். பால்வாளி கவிழ்ந்துவிட்டது. பால் போய்விட்டதே என்றுதான் தண்டல் ஏசினார்."

நான் என் நேற்றைய தலைவலியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

"அந்த மாதம் சாமியார் வந்தபோது கேட்டேன், சாமி, தினமும் இப்படித்தான் இருக்கிறேனே, தபசு காலத்துக்கு இதையே ஒப்புக்கொடுக்கலாமா என்று. அவருக்குத் தமிழ் நன்றாக வரும். கடினமான வேலை செய்கிறவர்களுக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லை, அம்மா என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அம்மாதான் சொன்னாள்: அடுத்தவன் பிடுங்கினால் அது பட்டினி. நோன்பு என்றால் சோறு உன் கையில் இருக்க வேண்டும்."

மின்சாரம் வந்தது. அத்தை மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, மீதியைப் பத்திரமாக எடுத்து வைத்தார்.

நான்காம் நாள் - வெள்ளி, மார்ச் 7

அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. அன்றன்றைய வாசகத்தை யாராவது படித்துக் காட்ட வேண்டும். இன்று அந்த வேலை எனக்கு. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியின் முதல் வாசகம் எசாயா 58. நாங்கள் நோன்பிருந்தோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். அவர் சொல்கிறார்: நோன்பு நாளிலேயே நீங்கள் உங்கள் ஆதாயத்தைத் தேடுகிறீர்கள், உங்கள் வேலையாட்களை எல்லாம் ஒடுக்குகிறீர்கள்.

"நில்" என்றார் அத்தை. "அந்த வரியை மறுபடியும் படி."

படித்தேன்.

"இது அந்தக் காலத்திலேயே எழுதி இருந்ததா?"

"இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால்."

"எங்கள் தோட்டத்தில் இதை ஒருநாளும் வாசித்ததாக ஞாபகம் இல்லையே" என்றார். அப்போது பூசை வாசகம் இலத்தீனில் நடந்தது என்பதை நினைவூட்டினேன். "அதுதானே பார்த்தேன்" என்றார்.

பதினோரு மணிக்கு அத்தை பிறந்த தோட்டத்தைப் பார்க்கப் போனேன். அத்தை மகன் காரோட்டினார். பால்மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் உரமூட்டைகள். பழைய மாதாக் கெபியின் அடித்தளம் மட்டும் புல்லுக்குள் தெரிந்தது. லயங்கள் போய்ச் சிமெண்டு வரிசை வீடுகள் வந்திருக்கின்றன, வாசல்களில் லுங்கிகள் காய்கின்றன. இப்போது வேலை செய்கிறவர்களில் அதிகம் பேர் வங்காளதேசத்துக்காரர்கள்.

சாலையோரம் மூன்று பேர் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நீளக் கம்பின் நுனியில் அரிவாள். அண்ணாந்து பார்த்து, மட்டையை முதலில் வெட்டி, பிறகு குலையின் காம்பில் கொக்கியைப் போட்டு ஒரே இழுப்பு. இருபது கிலோவுக்குக் குறையாத குலை தொப்பென்று விழுகிறது. சிதறிய பழங்களை இன்னொருவர் பொறுக்குகிறார். வெயில் மண்டையைப் பிளந்தது. காரிலிருந்த தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன். கம்பு பிடித்திருந்தவர் சிரித்துத் தலையசைத்தார். "புவாசா, பாங்" என்றார், நோன்பு, அண்ணே என்று. அட, நான் ஒரு முட்டாள். அதிகாலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போயிருக்காது.

வெள்ளிக்கிழமையாதலால் தொழுகைக்கு நேரத்தோடு விடுவார்களா என்று கேட்டேன். விடுவார்கள், ஆனால் இன்றைய குலை எண்ணிக்கை முடிய வேண்டும் என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. புட்டியை மறைவாகக் காருக்குள் வைத்தேன். காலையில் படித்த வரி அங்கேயே நின்றுகொண்டிருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாலை சிலுவைப் பாதை. இயேசு சிலுவை சுமந்து போன வழியை நினைக்கும் பதினான்கு தலம். முழங்காலுக்குக் கீழே மெத்தை கிடையாது. மூன்றாம் தலம், ஏழாம் தலம், ஒன்பதாம் தலம்: விழுகிறார், விழுகிறார், விழுகிறார். கவிழ்ந்த பால்வாளி கண்ணை விட்டுப் போகவில்லை.

ஐந்தாம் நாள் - சனி, மார்ச் 8

காலையில் என் பள்ளி நண்பர் ஒருவரைப் பார்த்தேன். மெதடிஸ்டுக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வாதம் என்றால் கற்கண்டு. "உங்கள் லெந்து, தபசு காலம் எல்லாம் சட்டம். எங்களுக்கு மனச்சாட்சி" என்று தொடங்கினார். 1522இல் சூரிக் நகரத்தில் அச்சுக்கூடக்காரர் ஒருவர் வீட்டில் லெந்து காலத்தில் தொத்திறைச்சி வெட்டித் தின்றதிலிருந்துதான் அங்கே திருச்சபைச் சீர்திருத்தமே சூடுபிடித்தது என்று பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீர்திருத்தப் போதகர் சுவிங்லி தான் மட்டும் தின்னவில்லையாம், ஆனால் தின்றவர்களுக்காகப் பிரசங்கம் செய்தாராம். எல்லாம் சரி, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய உங்கள் ஜான் வெஸ்லி என்ன செய்தார் என்று கேட்டேன். நண்பர் குரலைத் தாழ்த்தினார். புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணிவரை உபவாசம். தன் போதகர்களிடமும் அதையே எதிர்பார்த்தார். "நீங்கள்?" என்றேன். "எனக்குச் சர்க்கரை" என்றார். சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நோன்பில் இறங்கக் கூடாது, அதில் விளையாட்டில்லை. ஆனால் இவருக்குச் சர்க்கரை வந்தது போன வருடம்.

வீடு திரும்பியபோது அத்தை ஒரு பழைய மைலோ டின்னை மேசைமேல் வைத்திருந்தார். மூடி துருப்பிடித்த பெரிய டின். முக்கால்வாசி அரிசி.

இந்த டின்னை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். உலையில் போட அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து டின்னில் போடுவார்கள். பிடி அரிசி. கிறித்தவர் வீடுகளில் மட்டும் உள்ள வழக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அது தபசு காலத்துச் சட்டம். பாட்டி காலத்தில் லயத்தின் கோடி வீட்டில் யாருமில்லாமல் இருந்த ஒரு கிழவிக்குப் போனது. பிறகு கோவிலுக்குப் போனது. இப்போது எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை.

"தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா. மூன்று வருடமாக அங்கேதான். பேரன் கொண்டுபோவான், இன்றைக்கு அவனுக்குக் கூட்டமாம்."

"இதில் எத்தனை பிடி இருக்கும், அத்தை? தபசு காலம் தொடங்கி நாலு நாள்தானே ஆகிறது."

"நான் வருடம் முழுக்கப் போடுகிறேன். இந்த நாற்பது நாளில் தினம் இரண்டு பிடி. உன் கை பெரியது, நீ போட்டிருந்தால் நிறைந்திருக்கும்."

இன்று நோன்பு நாள் இல்லை. ஆனாலும் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடாமல்தான் இருந்தேன், இந்த முறை காப்பி மட்டும் குடித்துவிட்டு. மதியச் சோற்றுக்கு அளந்ததில் என் பங்கை அத்தை பார்க்காதபோது டின்னில் போட்டேன். பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தேன். நேற்றைய கம்புக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். சிமெண்டுத் தரையில் செய்தித்தாள் விரித்து, நடுவில் ஒரு பெரிய தட்டில் பொரியும் வேகவைத்த கொண்டைக்கடலையும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு ஒருவர் பிசைந்துகொண்டிருந்தார். பேரீச்சம்பழம், பருப்பு வடை, ரோஸ் நிறத்தில் ஏதோ சர்பத். டின்னைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன். உட்காரச் சொன்னார்கள். எட்டுப் பேர், நான் ஒன்பதாவது.

கைப்பேசியில் பாங்கு ஒலிக்கும்வரை யாரும் தொடவில்லை. பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடம் எவரும் பேசவில்லை. சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடுகெண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. என் வயிறு சத்தம் போட்டது, பக்கத்தில் இருந்த பையனுக்குக் கேட்டிருக்கும், அவன் கீழே பார்த்துச் சிரித்தான். அத்தையின் அம்மா சொன்னது இதுவாக இருக்குமோ என்று நினைத்தேன்.

பாங்கு ஒலித்தது. முதல் பேரீச்சம்பழத்தை எனக்கு நீட்டினார்கள்.

ஒருவர் வங்காளதேசத்து ராஜ்சாகியில் உள்ள தன் மகளின் படத்தைக் காட்டினார். மூன்று வயது, பார்த்ததே இல்லையாம். வேலைக்கு ஆள் பிடித்தவருக்கு இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். கங்காணிக்குக் கடன்பட்டுக் கப்பலேறிய என் பூட்டனுக்கும் இவர் வயதுதான் இருந்திருக்கும்.

கிளம்பும்போது டின்னைத் திருப்பித் தந்தார்கள். கனமில்லை, ஆனால் குலுக்கினால் சத்தம் கேட்டது.

ஆறாம் நாள் - ஞாயிறு, மார்ச் 9

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பதில் சேராது. புதனிலிருந்து பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள், ஆறு ஞாயிறைக் கழித்துவிட வேண்டும். லூக்காவின் நற்செய்தியிலிருந்து பாலைநிலச் சோதனை வாசித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தை கல்லை அப்பமாக்கும் இடத்தில் பிஸ்கட் கேட்டு அழுதது.

மதியம் கோழிக்குழம்பு. ரயில் மூன்று மணிக்கு. எடை பார்க்கவில்லை, பார்ப்பதாகவும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை டின்னைத் திறந்தார். வாய்வரைக்கும் பொரி, கடலையும் வெங்காயமும் கலந்தது. ஒரு கை அள்ளி வாயில் போட்டு, பல்லில்லாத பக்கத்தைத் தவிர்த்து மெல்ல மென்றார்.

"நமத்துப் போயிருக்கிறது. என்ன எண்ணெய் இது?"

"கடுகெண்ணெய், அத்தை."

"கொஞ்சம் காரம்தான்" என்றார். இன்னொரு கை அள்ளினார். பாதிப் பொரியைச் செய்தித்தாளில் கொட்டி எனக்கு மடித்துக் கொடுத்தார். மீதியை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, டின்னைக் கழுவி, நாளைக்கு வேண்டும் என்று சன்னல் திண்டில் கவிழ்த்து வைத்தார்.